நீதிபதி இல்லாத அறையில் கேள்வி கேட்பது

அமெரிக்க வழக்குத் தொடர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அறை பழக்கமானதுதான். ஒரு நீள மேசை. ஒரு பக்கம் சாட்சியும் அவருக்குத் துணையாக வந்த வக்கீலும். எதிர்ப்பக்கம் கேள்வி கேட்கும் வக்கீல். மேசை முனையில் சின்ன இயந்திரமொன்றில் விரல்களை ஓடவிட்டபடி ஒரு பதிவாளர். பெரும்பாலும் ஒரு வீடியோ கேமராவும் இருக்கும். சாட்சி சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுத்தான் பேசுகிறார். பொய் சொன்னால் பொய்ச்சாட்சிக் குற்றம்தான். விசாரணைக்கு மாதக்கணக்கில் முன்பே எதிர்த்தரப்புச் சாட்சியை உட்காரவைத்து, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பதிந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு டெபொசிஷன் என்று பெயர். நம் உரிமையியல் நடைமுறையில் இதற்கு நேரான ஒன்று கிடையாது. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, அந்த அறையில் நீதிபதி இல்லை என்பது. வழக்காடும் இரு தரப்பும் இருக்கின்றன, விதிகள் இருக்கின்றன, அங்கேயே தீர்ப்புச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. விதி நிலைப்பதும் குலைவதும் அந்த இரண்டு வக்கீல்களின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது. அந்தக் கட்டுப்பாட்டைப் புத்தகம் படித்துப் பெற முடியாது. செய்து, தப்பாகச் செய்து, திருத்திச் செய்தால்தான் வரும்.

1938இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய உரிமையியல் நடைமுறை விதிகள்தான் டெபொசிஷனுக்கு இன்றைய இடத்தைக் கொடுத்தன. விசாரணை நாளன்று எதிரியைத் திகைக்க வைக்கும் பழைய ஆட்டம் ஒழியட்டும், இரு தரப்பும் ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் முன்கூட்டியே அறியட்டும் என்பது நோக்கம். இன்று ஒவ்வொரு தரப்புக்கும் பத்து டெபொசிஷன்கள். ஒவ்வொன்றும் ஒரே நாளில், ஏழு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நீதிமன்ற அனுமதியோ இரு தரப்பின் ஒப்புதலோ இருந்தால் கூடலாம். இதெல்லாம் விசாரணைக்கு முன்னோட்டம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால், முன்னோட்டமே இப்போது முக்கால் வழக்காகிவிட்டது. சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, மத்திய நீதிமன்றங்களில் முடிவுக்கு வந்த உரிமையியல் வழக்குகளில் முழு விசாரணை வரை போனவை 1962இல் 11.5 விழுக்காடு, 2002இல் 1.8 விழுக்காடு. மீதியெல்லாம் சமரசமாகவோ, ஆவணங்களின் பேரில் வந்த உத்தரவாலோ, வேறு வழியாகவோ முடிந்தவை. அப்படி முடியும் வழக்குகளில் சாட்சி வாய் திறக்கும் ஒரே இடம் பல நேரம் அந்த மேசைதான். சமரசத் தொகை எவ்வளவு என்பதையும் அங்கே அவர் சொன்ன நாலு வரிதான் தீர்மானிக்கும்.

இவ்வளவு முக்கியமான வேலையைச் சட்டக் கல்லூரிகள் நெடுங்காலம் கற்றுத்தரவில்லை. 1870இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டோஃபர் லாங்டெல் வகுத்த முறை, மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்து அவற்றிலிருந்து சட்டத்தைப் பிரித்தெடுப்பது. சிந்தனைக்கு அது நல்ல பயிற்சி. ஆனால், மேல்முறையீட்டுத் தீர்ப்பில் சாட்சி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார். உண்மைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுவிட்டன. அந்த உண்மைகளை ஒரு பயந்த மனிதரிடமிருந்தோ பிடிவாதக்காரரிடமிருந்தோ யார், எந்தக் கேள்வியால் வெளியே கொண்டுவந்தார் என்பது அதில் இருக்காது. இந்தக் குறையைத் தீர்க்க 1971இல் தொடங்கப்பட்டதுதான் வழக்காடும் திறனுக்கான அமெரிக்கத் தேசியப் பயிற்சி நிறுவனம்; சுருக்கமாக நைட்டா. அங்கே விரிவுரை குறைவு. கற்பனை வழக்கொன்றின் கட்டு ஒவ்வொருவருக்கும் தரப்படும்: கடிதங்கள், ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு, ஒன்றுக்கொன்று சற்றே முரண்படும் வாக்குமூலங்கள். சாட்சியாக நடிக்க ஒருவர் வருவார். பயிற்சிக்கு வந்த வக்கீல் ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் சாட்சியைக் காக்க, பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

அந்தக் குறிப்புதான் இந்தக் கைவேலையின் உயிர். பயிற்றுநர் முதலில் ஒரே ஒரு குறையைப் பெயரிட்டுச் சொல்கிறார்: ‘பதிலைக் கேட்டு முடிக்கும் முன்பே அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கத்தைப் பார்ப்போம்.’ பிறகு, பயிலுநர் உண்மையில் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் சொல் மாறாமல் திருப்பிப் படிக்கிறார். அதன் பின் மாற்றாக என்ன செய்யலாம் என்கிறார். ஏன் என்று காரணம் சொல்கிறார். அவ்வளவுதான். ‘நன்றாக இருந்தது, கொஞ்சம் தன்னம்பிக்கை வேண்டும்’ என்கிற பொதுப்பேச்சுக்கு இடமில்லை. பத்துக் குறை தெரிந்தாலும் ஒன்றைத்தான் எடுப்பார். பத்தும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் மனதில் தங்காது. சொல் மாறாமல் திருப்பிப் படிப்பதில்தான் வித்தை இருக்கிறது. எவருக்கும் தான் கேட்டது நினைவில் இருக்காது. கேட்க நினைத்ததுதான் இருக்கும். வீடியோப் பதிவைத் தனி அறையில் இன்னொரு பயிற்றுநரோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி கேட்கும் பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பார்ப்போம். கிடங்கில் பளுதூக்கி வண்டி மோதி ஒருவருக்குக் கால் போயிற்று என்று வழக்கு. எதிரே கிடங்கு மேலாளர். ‘அந்த வண்டியை ஏன் பழுதுபார்க்க அனுப்பவில்லை?’ என்று கேட்டால், ‘உதிரிப்பாகம் கிடைக்கவில்லை’ என்கிறார். புதிய வக்கீல் அந்தப் பதிலை உடனே பிடித்துக்கொள்வார். எந்தப் பாகம், யாரிடம் கேட்டீர்கள் என்று துருவுவார். அல்லது ‘அது ஒரு காரணமா?’ என்று சண்டைக்கே போய்விடுவார். பயிற்சி பெற்றவர் கேட்பது ‘வேறு காரணம்?’ என்று மட்டும். ‘ஆளும் பற்றாக்குறை.’ ‘வேறு?’ மேலாளர் யோசிக்கிறார். ‘தலைமை அலுவலகம் செலவைக் குறைக்கச் சொல்லியிருந்தது.’ ‘வேறு?’ ‘இல்லை, அவ்வளவுதான்.’ கிணற்றைத் தூர்வாருகிறவர் தரை தட்டும் வரை நிறுத்தாததைப் போல, ‘அவ்வளவுதான்’ என்ற சொல் வரும் வரை நிறுத்தக்கூடாது. அதன் பிறகே ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாக எடுத்து, யார், எப்போது, எந்தத் தாளில் என்று குறுக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் கதவைச் சாத்த வேண்டும்: ‘ஆக, இந்த மூன்றைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை, சரிதானே?’ விரிந்த வாயில் தொடங்கிக் குறுகிய வாயில் முடிவதால் இதைப் புனல் முறை என்பார்கள். ஓராண்டு கழித்து விசாரணையில் அதே மேலாளர் நான்காவது காரணம் ஒன்றோடு வந்து நின்றால், அன்றைய பதிவின் பக்கமும் வரியும் அவர் முன் வைக்கப்படும்.

‘வேறு?’ என்ற சொல்லைக் கேட்க எவருக்கும் தெரியும். ஆனால், மூன்றாவது முறை அதைக் கேட்கும்போது அறையில் விழும் மௌனத்தைத் தாங்கத் தெரிய வேண்டும். சாட்சி யோசிக்கும் அந்தச் சில நொடிகளில் பதற்றத்தில் தானே ஒரு பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவதுதான் பயிலுநர்கள் செய்யும் தவறு. ‘செலவு காரணமாக இருக்குமோ?’ என்று கேட்ட மாத்திரத்தில் பதில் சாட்சியுடையதாக இல்லாமல் போகிறது. இன்னொரு கவனமும் தேவை. பதிவாளரின் ஸ்டெனோடைப் இயந்திரத்தில் 22 விசைகள். ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தி அசையசையாகப் பதிவார்கள். தொழில்முறைச் சான்றிதழ் வேண்டுமானால், கேள்வி பதிலாக ஓடும் பேச்சை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில் பதிந்து காட்ட வேண்டும். அந்த வேகமான இயந்திரமும் தலையாட்டலைப் பதியாது. சாட்சி கையை விரித்து ‘வண்டி இவ்வளவு தள்ளி நின்றது’ என்றால், ‘சுமார் மூன்றடி காட்டுகிறீர்கள், அப்படித்தானே?’ என்று வக்கீல் சொல்லாக்கித் தர வேண்டும். தராவிட்டால் பதிவில் ‘இவ்வளவு’ மட்டும் மிஞ்சும்.

இனி மேசையின் மறுபக்கம். என்னைப் பொறுத்தவரை டெபொசிஷனின் விசித்திரமும் அழகும் இங்கேதான். சாட்சியைக் காக்கும் வக்கீலின் வேலையில் பெரும்பகுதி, சும்மா இருப்பது. அவர் ஆட்சேபிக்கலாம், ஆனால், தீர்ப்புச் சொல்ல நீதிபதி இல்லாததால் ஆட்சேபணை பதிவாகும், சாட்சி பதிலும் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாதே என்று சாட்சியைத் தடுக்க மூன்றே காரணங்கள்: வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் போன்ற சட்டப் பாதுகாப்பைக் காப்பது, நீதிமன்றம் ஏற்கெனவே விதித்த வரம்பைக் காப்பது, துன்புறுத்தும் விசாரணையை நிறுத்தும்படி நீதிமன்றத்தை நாடுவது. ஆட்சேபணையும் சுருக்கமாக, வாதமில்லாமல், பதிலைக் கோடி காட்டாமல் இருக்க வேண்டும் என்பது விதி. சும்மா இருக்கவும் அறிவு வேண்டும். கேள்வியின் வடிவத்தில் உள்ள குறையை அப்போதே சொல்லாவிட்டால் அந்த ஆட்சேபணை கைநழுவிப்போகும். கேள்வி வழக்குக்குத் தொடர்பற்றது என்பதைப் பொதுவாக விசாரணையில்கூட சொல்லலாம். ரகசியத்தைத் தொடும் கேள்விக்கோ, சாட்சி வாய் திறப்பதற்குள் குறுக்கிட்டாக வேண்டும். எது உடனே, எது பிறகு, எது ஒருபோதும் வேண்டாம் என்று இரண்டு நொடிக்குள் முடிவெடுப்பதை ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து கற்க முடியுமா?

இந்தக் கட்டுப்பாடு இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு 2014இல் அயோவா மாநிலத்தில் ஒரு சான்று கிடைத்தது. குழந்தைகளுக்கான பால்மாவு பற்றிய வழக்கு. நீதிபதி மார்க் பென்னட். டெபொசிஷன் பதிவுகளைப் படித்தபோது, ஒரு வக்கீல் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கிட்டிருப்பதை அவர் கண்டார். கேள்வி எழுந்ததும் அந்த வக்கீல் ‘தெரிந்தால் பதில் சொல்லுங்கள்’ என்பார். சாட்சி உடனே ‘தெரியாது’ என்பார். கேட்பதற்குச் சாதுவான வாக்கியம், ஆனால் விடையை எடுத்துக்கொடுக்கிறது. பென்னட் விதித்த தண்டனை வழக்கத்துக்கு மாறானது: இப்படிப்பட்ட குறுக்கீடு ஏன் தவறு என்று விளக்கி ஒரு பயிற்சி வீடியோ எடுக்க வேண்டும். அப்படியொரு தண்டனை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்பதால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை நீக்கியது. நீக்கியது சரிதான். ஆனாலும் அபராதத்தைவிடப் பயிற்சிதான் இந்த நோய்க்கு மருந்து என்று ஒரு நீதிபதிக்குத் தோன்றியதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். சாட்சியை ஆயத்தப்படுத்தும் கலையையும் இதே வகுப்புகள்தானே கற்றுத்தருகின்றன? உண்மையை மழுப்பப் பழக்குவதற்கு இது நாகரிகப் பெயர் அல்லவா? அந்த ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால், மழுப்பல் என்ன விலை கேட்கும் என்பதை பில் கேட்ஸ் விஷயத்தில் உலகமே பார்த்தது. மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், 1998 ஆகஸ்டில் தொடங்கிய டெபொசிஷனில் அரசு வக்கீல் டேவிட் பாய்ஸ் கேட்ட கேள்விகளுக்கு, சாதாரணச் சொற்களுக்குக்கூட என்ன பொருளில் கேட்கிறீர்கள் என்று கேட்ஸ் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் புத்திசாலித்தனம்தான். அந்த வீடியோத் துண்டுகள் நீதிமன்றத்தில் ஓடியபோது அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புதான் குறைந்தது. நல்ல ஆயத்தம் இதற்கு எதிரானது: கேள்வியை முழுதாகக் கேள், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், கேட்டதற்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல்லி நிறுத்து, ‘தெரியாது’ என்பதையும் ‘நினைவில்லை’ என்பதையும் குழப்பாதே. இதில் பொய்க்கு இடம் எங்கே? மேடையில் பலர் பார்க்கப் பழகும் வக்கீல், எல்லை தாண்டும்போது உடனே பிடிபடுகிறார். தனியறையில் தானாகவே பழகியவரைப் பிடிக்க ஆள் இல்லை.

சீனியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால், சீனியரின் நல்ல பழக்கத்தோடு கெட்ட பழக்கமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். எது எது என்று அவர் நின்று விளக்க மாட்டார். பிழை செய்தால் விலை கொடுப்பவர் கட்சிக்காரர். நடிக்கும் சாட்சியிடம் கால் போனவரின் உண்மையான வலி இருக்காதுதான். ஆனால், அவரிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டுப் பார்க்கலாம். உண்மைச் சாட்சி ஒருமுறைதான் பதில் சொல்வார்.

நமக்கு இது தொலைதூர விஷயம் என்று நினைத்தால் தவறு. 2002 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தப்படி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 18ஆம் கட்டளை 4ஆம் விதியின் கீழ், முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிறது; குறுக்கு விசாரணையை நீதிமன்றமே நடத்தலாம், அல்லது ஒரு கமிஷனரிடம் விடலாம். இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002இலும் 2005இலும் வந்த தீர்ப்புகளில் திருத்தங்கள் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. கமிஷனர் முன் எழும் ஆட்சேபணையை அவர் பதிவு செய்வார். முடிவு, வாதத்தின்போது நீதிமன்றத்தில். அதாவது நம்மிடமும் நீதிபதி இல்லாத அறை இருக்கிறது. அந்த அறைக்காக எந்த மாணவரைத் தயார் செய்கிறோம்? பார் கவுன்சில் விதிகள் மாதிரி நீதிமன்றப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அது பெரும்பாலும் நீதிபதி வேடமிட்டவர் முன் சட்ட வாதம் பேசுவதாகவே நடக்கிறது. சாட்சியே இல்லாத அந்தப் பயிற்சிக்குக் கோப்பைகளும் உண்டு, கைதட்டலும் உண்டு. முகம் தெரியாத ஒருவரிடமிருந்து பொறுமையாக உண்மையை வாங்குவதற்கு எந்தப் பரிசும் கிடையாது. அதைப் பழகாமலே பட்டம் வாங்கி, முதல் ஏழைக் கட்சிக்காரரின் வழக்கில் பழகுகிறார்கள். இது வருத்தத்துக்குரியது, மாற்ற முடியாததும் அல்ல.

செலவாகுமே என்பார்கள். அமெரிக்கப் பயிற்சிகள் விலை கூடியவைதான். ஆனால், அடிப்படைத் தேவைகள் எந்தக் கல்லூரியிலும் உண்டு: பழைய வழக்குக் கட்டு ஒன்றைப் பெயர்களும் ஊர்களும் மாற்றிப் பயன்படுத்தலாம், கைப்பேசிக் கேமரா போதும், மூத்த வக்கீல் ஒருவர் மாதத்தில் ஒரு பிற்பகல் தர வேண்டும். நான்கு மாணவர்கள் உட்காரட்டும். ஒருவர் கேட்க, ஒருவர் காக்க, ஒருவர் சாட்சியாக, நான்காமவர் கமிஷனராக இருந்து எழுதட்டும். இருபது நிமிடம் முடிந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம். கமிஷனராக இருந்தவர் ஆட்சேபணையை எந்தச் சொற்களில் எழுதினார், சாட்சியின் பதிலைச் சுருக்கும்போது எதை விட்டார் என்பதையும் கேமராப் பதிவோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பின்னால் நீதிபதி படிக்கப் போவது அவர் எழுதிய தாளைத்தான்.