அட்டையில் எழும் கோட்டைகள்

பொம்மை வீரர்களை நகர்த்தி விளையாடுவது இங்கிலாந்தில் பழைய பொழுதுபோக்கு. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். இன்று அங்கு பலர், மேசை விளையாட்டுக்கான கற்பனைக் கோபுரங்களையும் குடில்களையும் தம் கையாலேயே கட்டுகின்றனர். வீசியெறியும் உணவுப் பெட்டியின் அட்டை கூரை ஓடாகிறது. கோப்பி கலக்கும் குச்சி கதவுப் பலகையாகிறது. ரெஜிபோமில் பென்சிலால் கோடிழுத்து, கசக்கிய அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினால் கருங்கற் சுவர்தான்!

பொம்மையின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீற்றர். அது சிறு தட்டின் மேல் நிற்பதால் வாசலைச் சற்று உயர்த்தியே வெட்டுங்கள். வாசல் பிழைத்தால் அரண்மனையும் கோழிக்கூடுதான்.

விசிறும் வர்ணத்தை மட்டும் ரெஜிபோமில் நேரே அடித்துவிடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் சுவரைத் தின்றுவிடும். பல நாள் உழைப்பு கண்முன்னே குழிவிழும். முதலில் வெள்ளைப் பசையில் கறுப்பு வர்ணம் கலந்து, மூலைமுடுக்கு விடாமல் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள்.