ஒன்றரை சென்ட்டில் ஒரு கரிசல் வீடு

பங்குனி, சித்திரையில் கோவில்பட்டிச் சுற்றுப்புறத்துக் கரிசல் காட்டில் வெடிப்புக்குள் முழங்கை வரை கை போகும். ஐப்பசியில் இரண்டு மழை பெய்துவிட்டால் வெடிப்பு இருந்த இடமே தெரியாது. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் செய்யும் வேலை இது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் ஊதும், வற்றினால் சுருங்கும். மானாவாரிப் பருத்திக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் இந்தக் குணம்தான் வீட்டுச் சுவரையும் பிளக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் வெடிப்பைப் பார்த்ததும் பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைத் திட்டுவார்கள். கோளாறு தரைக்குக் கீழே இருக்கிறது.

நகருக்குள் சாதாரணக் குடும்பத்துக்குக் கைக்கு எட்டுவது பெரும்பாலும் சின்ன மனைதான். 15 அடி முகப்பு, 40 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 600 சதுர அடி, ஒன்றரை சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இதில் கட்டுகிறவர்கள் எலிவேஷனுக்குக் கொட்டும் பணத்தை அஸ்திவாரத்துக்கும் கூரைக்கும் திருப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரிசல் ஆழம் குறைவாக இருந்து சீக்கிரமே சுக்கான் பாறை தட்டுப்பட்டால் அதன்மேலேயே அஸ்திவாரத்தை உட்கார வைத்துவிடலாம். கரிசல் ஆழமாகப் போனால், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக் கொடுத்த 'அண்டர் ரீம் பைல்' முறை இருக்கிறது. ஏறத்தாழ ஓர் அடி விட்டத்தில் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடிப்பக்கத்தை மட்டும் குடம் போல இரண்டரை மடங்கு அகலப்படுத்தி, கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அசைவது மேல்மண்தான். அகன்ற அடிப்பாகம் அசையாத ஆழத்தில் பிடித்துக்கொள்வதால், மேல்மண் ஊதித் தூக்கினாலும் பைல் கிளம்பாது. பைல்களின் தலைகளை இணைக்கும் பெல்ட் கான்கிரீட்டுக்கும் தரைக்கும் நடுவே சுமார் மூன்று அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். ஊதும் மண் அந்த இடைவெளிக்குள் எழும்பி அடங்கிவிடும். அதில் மண்ணைப் போட்டு இறுக்கிவிட்டால் பைலுக்குச் செலவழித்த காசு வீண்.

அடுத்தது வெயில். ஒடுக்கமான மனைக்கு இதில் ஒரு நன்மை உண்டு. இருபுறமும் ஒட்டினாற்போல் பக்கத்து வீடுகள் இருந்தால் நீளச் சுவர்களில் வெயில் படாது; வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகத்தான் இறங்கும். கோவில்பட்டி வடக்கு அட்சம் 9 பாகையில் இருப்பதால், சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆவணி நடுவில் மறுபடியும் உச்சிக்கு வரும் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு வேண்டாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கீழே கக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கம் சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதன்மேல் வெள்ளை அடித்தாலோ வெள்ளை ஓடு பதித்தாலோ வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தளத்திலேயே கான்கிரீட்டைக் குறைக்கவும் வழி உண்டு. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இரண்டிரண்டு மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்து வார்த்தால் சிமெண்ட் மிச்சம். ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று சூட்டையும் தடுக்கும். பொறியாளர் கணக்குப் போட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இம்முறையைக் கேரளத்தில் பரப்பியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். அவர் எடுத்தாண்ட 'எலிப்பொறிக் கட்டு' நம் வீட்டின் முன், பின் சுவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். செங்கலைப் படுக்கப் போடாமல் மூன்று அங்குல விளிம்பில் நிறுத்தி இரண்டு வரிசையாக வைத்தால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மூன்று அங்குலம் காலியாக நிற்கும். செங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும்.

காற்றுக்கு என்ன செய்வது? திருநெல்வேலிச் சீமை அக்ரஹாரங்களும் ஜப்பானின் கியோட்டோ நகரத்து மச்சியா வீடுகளும் ஒடுங்கி நீண்டவைதான். நடுவில் முற்றம் வைத்து மூச்சு விட்டன. 15 அடியில் முற்றத்துக்கு இடம் போதாது என்றால் மாடிப்படியை நடுவில் வைத்து, அதன் தலைப்பகுதியில் கிழக்குப் பார்த்துத் திறப்பு விடலாம். காற்றே இல்லாத சித்திரையில் சூடான காற்று தானாக அதன் வழியே மேலேறிப் போகும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றும் மேல்காற்று, கூரையைத் தாண்டும்போது வீட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்கும். மேற்கே திறந்தால் புழுதிதான் வரும்.

இதற்கு மேலும் மின்விசிறி தேவைப்படும்; அதற்கு ஒரு கணக்கு. பழைய விசிறி சுமார் 75 வாட். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி சுமார் 30. மூன்று விசிறிகள் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 81 யூனிட் மிச்சம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு 2016இல் இலவசமாக்கிய 100 யூனிட்டுக்கு அருகே வருகிறது.

இனி மழைநீர். 600 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 550 லிட்டர். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரில் இதை விடலாமா? ஆனால் செவல் மண்ணில் செய்வதுபோல் சுவரோரம் உறிஞ்சு குழி தோண்டினால் கரிசல் ஊதி அஸ்திவாரத்தை அசைக்கும். தொட்டியில் பிடிப்பதே நல்லது. நிரம்பி வழிவதைக் குழாயில் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

முழு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் புரளாதவர்கள் இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த அரண்யா குடியிருப்பைப் பார்க்கலாம். சின்ன மனைகளில் அடித்தளமும் கழிப்பறை, குழாய் வசதியும் முதலில் தந்து, அறைகளைக் குடும்பங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளச் செய்த திட்டம் அது. 1995இல் ஆகா கான் விருது பெற்றது. கரிசலில் அப்படிச் செய்வதானால் 40 அடிக்கும் பைலும் பெல்ட்டும் முதல் தவணையிலேயே போட்டுவிட வேண்டும். முன்பாதியை இப்போதும் பின்பாதியை ஐந்து வருடம் கழித்தும் வெவ்வேறு ஆழத்தில் இறக்கினால், இரண்டும் சேரும் இடத்தில் முதல் கோடையிலேயே வெடிப்பு விழும்.