ஓர் அங்குலம்

விடியற்காலையில் எழுந்து அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து பார்க்கும் பள்ளி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: “டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடும் பந்து ஆண்கள் பந்தைவிடச் சின்னது என்கிறான் என் தம்பி. அப்படியானால் அது சுலபமான ஆட்டமா?”

1997-ல் 8 அணிகளுடன் தொடங்கிய அந்த லீக் 2026-ல் 30-வது சீசனுக்கு வருகிறது. டொராண்டோ டெம்போ, போர்ட்லண்ட் ஃபயர் இரண்டும் சேர்ந்து இப்போது 15 அணிகள். யார் எந்த அணியில் என்பதெல்லாம் அந்த மாணவிக்கே அத்துப்படியாக இருக்கும். நான் பந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தம்பி சொன்னது சரிதான். ஆண்கள் ஆடுவது 7-ம் நம்பர் பந்து, சுற்றளவு 74.9 செ.மீ. பெண்களுடையது 6-ம் நம்பர், 72.4 செ.மீ. ஓர் அங்குலம் குறைவு, எடையில் சுமார் 57 கிராம் குறைவு. வளையம் இருவருக்கும் அதே 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆடுகளத்தின் நீள அகலமும் மாறவில்லை. சுற்றளவில் ஓர் அங்குலம் என்பது விட்டத்தில் 8 மில்லிமீட்டர். 45.7 செ.மீ. அகல வளையத்துக்கு அது பெரிய சலுகையே அல்ல.

வித்தியாசம் தெரிவது கையில். எறியும்போது பந்து உள்ளங்கையில் உட்காரக் கூடாது. விரல் நுனிகளில் நிற்க வேண்டும். மணிக்கட்டு மடிய, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாகப் பந்தை வருடி விடுகின்றன. அந்த வருடலில் பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும். டபிள்யூ.என்.பி.ஏ. பந்தில் ஆரஞ்சும் வெளிர் நிறமும் மாறிமாறி வருவதால் இந்தச் சுழற்சியை டிவியிலேயே பார்க்கலாம். பின்சுழலும் பந்து வளையத்திலோ பலகையிலோ பட்டதும் உராய்வு அதன் முன்வேகத்தைத் தின்றுவிடும். தெறித்து ஓட வேண்டிய பந்து தயங்கி, உள்ளே விழும். கைக்கு அடங்காத பந்தில் விரலுக்கு இந்த வேலை வாய்ப்பதில்லை. முழுக் கையும் சேர்ந்து தள்ள வேண்டியதாகிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவின் சைக்கிள்தான் எனக்கு நினைவு வரும். கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒடித்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டினேன். பிறகு வாடகைக்கு ஒரு சின்ன சைக்கிள் எடுத்தேன். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிய அன்றுதான், கோணல் என் உடம்பில் இல்லை, சைக்கிளின் அளவில் இருந்தது என்று புரிந்தது.

இந்தப் புரிதல் கூடைப்பந்துக்கு வர வெகு காலம் ஆயிற்று. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். சில மாதங்களில் ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவிகளுக்குக் கொண்டுவந்தார். அக்காலத்தார் கண்ணுக்கு உறுத்தாதிருக்க ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு யாரும் தாண்டக் கூடாது, பிறர் கையிலிருந்து பந்தைப் பறிக்கவும் கூடாது. அன்று பந்து அப்படியே இருந்தது, பெண்ணின் ஓட்டம்தான் குறைக்கப்பட்டது. 1978-ல் பெண்களுக்கான முதல் தொழில்முறை லீக் தொடங்கிய காலத்தில், ஷிகாகோ ஹஸில் வீராங்கனை கேரன் லோகன் பந்தைச் சிறிதாக்கினால் என்ன என்று கேட்டு, அதற்கு வடிவமும் கொடுத்தார். அமெரிக்கக் கல்லூரிகள் 1984-ல் அந்த அளவுக்கு மாறின. சர்வதேசக் கூட்டமைப்பு 2004-ல் மாறியது. பெண்ணின் ஓட்டத்துக்குப் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டுப் பந்தைத் திருத்த இத்தனை காலம்! கிரிக்கெட்டிலும் பெண்கள் பந்து எடை குறைந்ததுதான். அதை யாரும் அரை ஆட்டம் என்பதில்லை.

நம் பள்ளி மைதானங்களுக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளின் பள்ளியில் ஒருநாள் மாலை நின்று பார்த்தேன். வலைப்பையில் இருந்த அத்தனையும் 7-ம் நம்பர். பிள்ளைகள் பந்தை இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், இரண்டு கையாலும் வாரி வீசினார்கள். பலகையில் மோதி அது எங்கோ ஓடியது. “கையில பலமே இல்ல, சாப்பிடுறதே இல்ல” என்றது ஒரு குரல். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தது குரங்குப் பெடல்.

அளவு தவறிய கருவியைக் கொடுத்துவிட்டுத் திறமை போதாது என்று தீர்ப்பு எழுதுவது பெரிய அநியாயம். ஆட்டத்தை விட்டு விலகும் பெண், “எனக்கு இது வராது” என்ற எண்ணத்தையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். அது வேறு பல வாசல்களிலும் அவளைத் தயங்க வைக்கும்.

மாணவியே, தம்பியிடம் சொல்: சுலபமான ஆட்டம் அல்ல, அளவெடுத்த ஆட்டம். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தின் மேலேயே நம்பர் அச்சிட்டிருக்கும், பாருங்கள். அடுத்த முறை விளையாட்டுச் சாமான் பட்டியல் போடும்போது ‘கூடைப்பந்து’ என்று எழுதி நிறுத்திவிடாமல், பக்கத்தில் 6 என்றும் எழுதுங்கள்.