கார் கதவில் டென்ட்... விற்கும் முன் எவ்வளவு செலவு செய்யலாம்?

காரைப் பார்க்க வருகிறவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சுற்று சுற்றி வந்து, இடதுபக்கப் பின் கதவில் கை வைப்பார். கடைத்தெருவில் யாரோ பைக் ஹேண்டிலால் இடித்துவிட்டுப் போன பள்ளம் அங்கேதான் இருக்கும். "டிங்கரிங், பெயின்ட்னு இதுக்கே பதினஞ்சாயிரம் ஆகும் சார்" என்பார். தவறாமல் சர்வீஸ் விட்டது, போன வருடம்தான் நான்கு டயரையும் மாற்றியது எல்லாம் அந்த ஒரு பள்ளத்துக்கு முன்னால் எடுபடாது.

அந்தப் பதினைந்தாயிரம் உண்மையான செலவு அல்ல. பேரத்துக்காகச் சொல்லும் தொகை. ஆனால் அதைக் கேட்டு மிரண்டுபோய், அடுத்தவர் வருவதற்குள் கதவு முழுக்க பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். பல நேரங்களில் அது டென்ட்டைவிடப் பெரிய நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

காரணம் இதுதான். பழைய கார் வாங்கும் கம்பெனிகளின் ஆட்கள் இப்போது பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சின்னக் கருவியோடு வருகிறார்கள். கம்பெனியில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடியைவிடக் கொஞ்சம் கூடுதல். மறுபடி பெயின்ட் அடித்த கதவு 200-ஐத் தாண்டிவிடும். உள்ளே பட்டி பூசியிருந்தால் எண் இன்னும் பல மடங்கு எகிறும். கருவி இல்லாத புரோக்கர் விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். 'கதவு முழுக்க பெயின்ட் அடிச்சிருக்கு' என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, 'ஆக்சிடென்ட் வண்டியா?' என்பதுதான். கண்ணுக்குத் தெரியும் சின்ன டென்ட்டுக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பள்ளத்தின் அளவை அல்ல, அதன் மேல் இருக்கும் பெயின்ட்டை. கதவைக் கழுவித் துடைத்துவிட்டு, நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டவில்லை, பெயின்ட் வெடிக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

பெயின்ட் அடிக்காமலே எடுக்கலாம்

'பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்', சுருக்கமாக பி.டி.ஆர் என்று ஒரு முறை இருக்கிறது. பெரிய ஊர்களில் கார் வாஷ், டீட்டெய்லிங் செய்யும் கடைகளில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவோ, கதவின் உள்பக்க ட்ரிம்மைக் கழற்றியோ, வளைந்த நீளமான கம்பியை உள்ளே விட்டு, தகட்டைப் பின்னாலிருந்து துளித்துளியாகத் தள்ளுவார்கள். உள்ளே கம்பி போக முடியாத இடத்தில், வெளியே பசையால் ஒரு பிளாஸ்டிக் பொத்தானை ஒட்டி இழுப்பார்கள். எதிரே ஒரு விளக்கை வைத்து, அதன் கோடுகள் கதவில் நேராகத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். பொறுமையான வேலை.

இதில் பட்டி கிடையாது, பெயின்ட் கிடையாது. அதனால் தடிமன் கருவி வைத்தாலும் பழைய எண்தான் காட்டும். விற்கப் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எல்லாப் பள்ளத்துக்கும் இது பலிக்காது. அகலமாக, ஆழம் குறைவாக இருக்கும் பள்ளம் சுலபமாக வரும். கூர்மையாகக் குத்திய பள்ளத்தில் தகடு இழுபட்டிருக்கும். முழுதாகப் பழைய நிலைக்கு வராது. கதவின் நடுவே ஓடும் மடிப்புக் கோட்டிலும், ஓரத்தில் தகடு மடித்து அடித்திருக்கும் இடத்திலும் கஷ்டம். நல்ல ஆளாக இருந்தால், "எண்பது பர்சென்ட் வரும் சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். நூறும் வரும் என்று பார்க்காமலே போனில் சொல்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் டென்ட் எழும்பிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ பொய்யல்ல. ஆனால் அது பம்பருக்கு. பம்பர் பிளாஸ்டிக்; சூட்டில் இளகும். கதவு இரும்புத் தகடு. அதற்கு வெந்நீர் வெறும் குளியல்தான். ஆன்லைனில் கிடைக்கும் ரப்பர் சக்‌ஷன் கப், அகலமான மேலோட்டமான பள்ளத்தில் ஓரளவு வேலை செய்யும். பசை வைத்து இழுக்கும் கிட்டை, ஏற்கெனவே ஒருமுறை பெயின்ட் அடித்த கதவில் வைக்காதீர்கள். பொத்தானோடு பெயின்ட்டும் கையில் வந்துவிடலாம். உள்ளே இருந்து சுத்தியலால் தட்டலாம் என்று ட்ரிம்மைக் கழற்றுவதும் வேண்டாம். பள்ளம் மேடாகும், உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தால் அடுத்த மழையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும்.

பெயின்ட் உடைந்திருந்தால்

இரும்பு தெரிகிறது என்றால் சும்மா விடக்கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் துரு சீக்கிரம் ஏறும். டென்ட்டை மன்னிக்கிறவர்கூடத் துருவை மன்னிக்க மாட்டார். கீறல் சின்னதென்றால், காரின் கலர் கோடைப் பார்த்து டச்-அப் பெயின்ட் வாங்கி, அந்த இடத்தை மட்டும் மூடினால் போதும். அழகாக இருக்காதுதான். துரு நிற்கும், விலையும் நிற்கும்.

பெரிய அடி என்றால் டிங்கரிங்தான் வழி. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய அவசியமில்லை. பெயின்ட் பூத் வைத்திருக்கும் நல்ல வெளி ஒர்க் ஷாப்பில் கணிசமாகக் குறையும். சாதா வெள்ளை சுலபமாகப் பொருந்தும். சில்வர், பேர்ல் வெள்ளை போன்றவற்றைப் பக்கத்துக் கதவோடு பொருத்துவது தனி வித்தை. பட்டியைக் கனமாக அப்பாமல், தகட்டை முடிந்தவரை நிமிர்த்திவிட்டுப் பூசச் சொல்லுங்கள். கனமான பட்டியில் காந்தம் சரியாக ஒட்டாது. வாங்குகிறவர் மறைத்த கதவென்று கண்டுபிடிக்க அது ஒன்றே போதும். கதவு அடியோடு நசுங்கியிருந்தால், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் அதே கலரில் பழைய கதவே கிடைக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

யாரிடம் விற்கிறீர்கள் என்பதும் முக்கியம். டீலரிடமோ எக்ஸ்சேஞ்சிலோ கொடுப்பதென்றால் செலவு செய்வது பெரும்பாலும் வீண். அவர்கள் தங்கள் ஒர்க் ஷாப்பில் உங்களைவிட மலிவாக முடித்துக்கொள்வார்கள். நேரடியாக ஒரு குடும்பத்துக்கு விற்கும்போதுதான் பி.டி.ஆருக்குக் கொடுத்த காசு திரும்பி வரும். எதுவுமே செய்யாமல் விற்பதாக இருந்தாலும், இரண்டு ஒர்க் ஷாப்பில் செலவுக் கணக்கை எழுதி வாங்கி வண்டியிலேயே வையுங்கள். வாய்ப்பேச்சுக்கு எதிரே ஒரு தாள் இருந்தால் பேரம் எல்லை மீறாது. விளம்பரத்திலேயே டென்ட்டின் படத்தைப் போட்டுவிட்டால், அதை ஏற்றுக்கொண்டவர்தான் தேடி வருவார்.

இன்ஷூரன்ஸ் கிளைம் பண்ணலாமா?

"இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாமே, ஃப்ரீதானே?" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். ஃப்ரீ இல்லை. 1,500 சி.சி-க்கு உட்பட்ட கார் என்றால், ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான். ஜீரோ டெப் பாலிசி இல்லையென்றால் பெயின்ட், பாகங்கள் என்று தேய்மானத்தையும் கழிப்பார்கள்.

பெரிய இழப்பு நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாவது வருடம் 50 சதவிகிதத் தள்ளுபடியாக நிற்கும். தனியாக போனஸ் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர, ஒரே ஒரு கிளைம் அதைப் பூஜ்யமாக்கிவிடும்.

காரை விற்ற பிறகு போனஸால் என்ன பயன் என்று நினைக்கலாம். அது காரோடு போவதில்லை, உங்களோடு வரும். அடுத்து வாங்கும் புதுக் காரில், சொந்த சேதத்துக்கான பிரீமியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவிகித போனஸ் இருந்தால் 10,000 மிச்சம். ஐயாயிரம் ரூபாய் டென்ட்டுக்காக அதை விடுவதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கார் விற்ற ஆதாரத்தைக் கொடுத்து, போனஸுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் வரை அது செல்லும்.