அப்ரைசல் சீஸன் வந்தாச்சு... மேனேஜர்கள் ஹோம்வொர்க் முடிச்சாச்சா?

மார்ச் பிறந்துவிட்டால் ஆபீஸ் கேன்டீன்களில் பேச்சே மாறிவிடும். 'இந்த வருஷம் எத்தனை பர்சன்ட்?', 'உனக்கு என்ன ரேட்டிங்?' இதுதான் டீ நேரத்துக் கேள்வி. வீட்டுக் கடன் தவணை, ஸ்கூல் ஃபீஸ், தங்கை கல்யாணம் என்று பலரின் குடும்பக் கணக்கு அந்த ஒரு எண்ணை நம்பித்தான் இருக்கிறது. ஆனால், கடைசி நாள் இரவில், ஃபார்ம் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, பத்துப் பேருக்கும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளும் மேனேஜர்களும் இருக்கிறார்கள்.

அப்படி எழுதும்போது நினைவில் நிற்பது ஜனவரியும் பிப்ரவரியும்தான். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒருவர் மாடாக உழைத்திருப்பார். பிப்ரவரியில் ஒரு டெலிவரி சொதப்பியிருக்கும். ரேட்டிங்கில் பிப்ரவரி மட்டுமே தெரியும். இதற்கு மருந்து எளிது. பழைய மெயில்கள், முடிந்த புராஜெக்ட்களின் ரிப்போர்ட், கிளையன்ட் அனுப்பிய பாராட்டு, புகார் எல்லாவற்றையும் ஏப்ரலிலிருந்து மாதவாரியாகப் புரட்டினாலே போதும். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகலாம். மாதக் கடைசியில் ஒவ்வொருவரைப் பற்றியும் போனில் இரண்டு வரி குறித்து வைத்தால் அதுவும் மிச்சம்.

இன்னொரு வம்பு, 'ஹாலோ எஃபெக்ட்'. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தபோது, ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற எல்லாவற்றிலும் மார்க் அள்ளிக் கொடுப்பது தெரிந்தது. நம்மூர் ஆபீஸ்களில் அந்தக் குணம் பெரும்பாலும் இங்கிலீஷ்! மீட்டிங்கில் சரளமாகப் பேசுபவர் ஸ்டார் ஆகிவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து சிஸ்டத்தைச் சரிசெய்த அமைதியான ஆள், 'பரவாயில்லை' ரகத்தில் போய்விடுவார்.

பேறுகால விடுப்பில் போனவர்களின் நிலைமை இதைவிட மோசம். 2017-ம் ஆண்டு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அது அவர்களுடைய உரிமை. அதனால், அவர் வேலை பார்த்த மாதங்களில் எப்படிச் செய்தார் என்பதைத்தான் மதிப்பிட வேண்டும். வருஷம் முழுக்க இருந்தவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ரேட்டிங்கைக் குறைப்பது அநியாயம்.

உண்மையான சண்டை நடப்பது வேறு அறையில். எல்லா மேனேஜர்களும் உட்கார்ந்து, யாருக்கு எந்த ரேட்டிங் என்று இறுதி செய்யும் கூட்டம் அது. ஜாக் வெல்ச் காலத்து ஜி.இ. நிறுவனம் ஊழியர்களை 20, 70, 10 சதவிகிதமாகப் பிரித்தது. கடைசி 10 சதவிகிதத்தினருக்கு ஆபத்து. மைக்ரோசாஃப்ட் இதுபோன்ற முறையை 2013-ல் கைவிட்டது. ஆனாலும் 'பெல் கர்வ்' என்ற பெயரில் பல இடங்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகும் மேனேஜரின் டீமிலிருந்துதான் ஒருவர் கீழே தள்ளப்படுவார். 'நல்லா வேலை பார்ப்பாங்க' என்ற வார்த்தை அங்கே எடுபடாது. எத்தனை டெலிவரி, எந்தத் தேதி, கிளையன்ட் என்ன எழுதினார்... இதெல்லாம் கையில் வேண்டும்.

பிறகு, நேருக்கு நேர் பேச்சு. க்யூபிக்கிளில் நின்றுகொண்டே பேசாமல், ஒரு ரூமை முன்கூட்டியே புக் செய்யலாம். ஊழியர் எழுதிக் கொடுத்த சுய மதிப்பீட்டைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதைக்கூடப் படிக்காதது முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 'உங்க கம்யூனிகேஷன் சரியில்ல' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'நவம்பர்ல ரெண்டு தடவை வேலை தள்ளிப்போனதை கிளையன்ட் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்' என்றால் புரியும். அதையும் நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான்கு மாதம் பொத்தி வைத்து அப்ரைசலில் போட்டு உடைத்தால், அது மேனேஜரின் தவறு. பக்கத்து சீட்காரரோடு ஒப்பிடுவதும் வேண்டாம். ஹெச்.ஆர் கையில் இருக்கும் இன்க்ரிமென்ட்டுக்கு வாக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

பேசி முடித்த அன்றைக்கே, பேசியதை நான்கு வரியில் அந்த ஊழியருக்கு மெயில் அனுப்பிவிடுவது நல்லது. ஜூலையில் டீம் மாறலாம், மேனேஜரே மாறலாம். புதிதாக வருபவருக்கு அந்த மெயில்தான் சாட்சி.