ஜுரம் விட்ட பிறகு...

நாலு நாளாய் அனலாய்க் கொதித்த குழந்தைக்கு ஐந்தாம் நாள் ஜுரம் விட்டுவிட்டது. "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுகிறீர்கள். அவசரப்படாதீர்கள், சகோதரிகளே! டெங்கு ஜுரத்தின் சூழ்ச்சியே இங்கேதான். ஜுரம் இறங்கும் சமயத்தில்தான் சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது, நாடி தளர்கிறது. மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கண்டால் பதறுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவோ அதைவிடப் பொல்லாதது.

இந்த வியாதியின் மூலத்தைத் தேடிய ஆராய்ச்சியில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து மேற்கே போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960-களில் டாக்டர்கள் மையர்ஸும் கேரியும் நோயாளிகளின் ரத்தத்தைப் பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்திக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ரேச்சல் ரூபன் என்ற பெண்மணி கொசுக்களை ஆராய்ந்தார். டெங்குக் கிருமியில் நான்கு வகை. நான்கும் அந்த ஒரே ஊரில் அகப்பட்டன! ஒரே நோயாளியிடம் டெங்குவும் சிக்குன்குனியாவும் சேர்ந்திருந்ததை 1967-ல் அறிவித்தார்கள்.

நான்கு வகை இருந்தால் நமக்கென்ன என்கிறீர்களா? ஒரு வகை வந்து போனால் அது மறுபடி அண்டாது. மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வருவதே பெரும்பாலும் கொடியது என்பதைப் பாங்காக் குழந்தைகளிடம் ஸ்காட் ஹால்ஸ்டெட் கண்டார். முதல் ஜுரத்தில் உண்டான எதிர்ப்புப் பொருள் புதிய வகையைக் கொல்லத் திராணியில்லாமல், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. நல்ல காவற்காரன்! பிலிப்பைன்ஸில் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்ட தடுப்பூசியை 2017-ல் நிறுத்தியதும் இதனால்தான். டெங்குவே வராத குழந்தைக்கு அது முதல் ஜுரம் போல ஆகிவிட்டது.

கொசுவோ பகலில் கடிக்கும் ஜாதி. தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குக் கொசுவலை என்ன செய்யும்? அண்டாவையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடுவதுதான் வழி.

ஜுரத்துக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். ஜுரம் விட்டபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால், சிறுநீர் குறைவு இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். நம் வீடுகளில் பிளேட்லெட் கணக்கைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரிக்கிறோம். டாக்டரோ ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்றும் கூர்ந்து பார்க்கிறார். அதற்குத் தக்கபடி உப்பு நீரை ஏற்றுகிறார். குறைந்தால் நாடி விழும். கசிவு ஓரிரு நாளில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.