கோவலனுக்காக ஏன் கலங்குகிறோம்?

வாசகரின் பரிவைப் பெறுவதற்கு ஒரு பாத்திரம் குறையற்றதாக இருக்க வேண்டியதில்லை. கோவலனையே எடுத்துக்கொள்வோம். மனைவியைப் பிரிந்தான், மாதவியோடு வாழ்ந்து செல்வத்தைத் தொலைத்தான். ஆயினும் எங்கள் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் அவன் கொலையுண்ணும்போது சனம் கண்கலங்குகிறது. ஏன்?

இளங்கோவடிகள் இரண்டு காரியங்களைச் செய்கிறார். கொலைக்குச் சற்று முன்னர், அடைக்கலக் காதையில், கோவலனின் பழைய நற்செயல்களை மாடலன் வாயிலாகச் சொல்கிறார்: மதயானையிடமிருந்து முதியவரை மீட்டது, பொய்ச்சாட்சி சொன்னவனுக்காகப் பூதத்திடம் தன் உயிரையே தர முன்வந்தது. அடுத்து, கொலைக்களக் காதையில், கோவலன் தானே கண்ணகியிடம் தன் பிழைகளைச் சொல்லி வருந்துகிறான். இவ்வாறு அவனை முழுமையாக அறிந்த பின்னரே நாம் அவனை இழக்கிறோம்.

பாண்டியனோ எதையும் விசாரியாமல் தீர்ப்பளித்தான். வாசகர் அறிந்ததற்கும் மன்னன் அறியாததற்கும் இடையிலேதான் பரிவு பிறக்கிறது என்பேன்.

நான் வாழும் ஓமந்தையில் 2015 வரை சோதனைச்சாவடி இருந்தது. அடையாள அட்டையைப் பார்த்து மனிதரை மதிப்பிட்ட இடம் அது. அட்டையில் எழுதப்படாத கதையும் ஒருவருக்கு உண்டு என்பதை எங்களூர் வாசகருக்குக் கோவலன் எளிதில் உணர்த்திவிடுகிறான்.